தொலைந்ததைத் தொலைந்தது என்றே சொல்லுங்கள்

நான்கு நாட்களாக வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். "தொலைந்துபோன முதல் சோனிக் வீடியோ விளையாட்டு முன்மாதிரி கிடைத்துவிட்டது!" என்று எல்லோரும் பகிர்ந்த அந்தக் கோப்பின் இணைப்பை நான் தரப்போவதில்லை. முதல் நாளே அதன் கீழே "இது போலி" என்று காரணத்தோடு இரண்டு வரிகள் எழுதினேன். "யாராவது சந்தோஷப்பட்டால் உங்களுக்குப் பொறுக்காதா?" என்று பதில் வந்தது. எழுதியவர் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். இந்தப் பதிவு நீண்டுபோவதற்கு அவரே காரணம்.

1990 ஜூனில் டோக்கியோ பொம்மைக் கண்காட்சியில் செகா என்ற ஜப்பானிய விளையாட்டு நிறுவனம் காட்டிய சோனிக் முன்மாதிரி தொலைந்துவிட்டது. யூஜி நாகா நிரல் எழுதி, நவோதோ ஓஷிமா உருவம் வரைந்த அந்த நீல முள்ளெலி, செகாவின் வீட்டு விளையாட்டுக் கருவியான மெகா டிரைவில் விற்பனைக்கு வருவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பு முதன்முதலாகப் பொதுமக்கள் முன் ஓடியது அங்கேதான். பின்னணி பல அடுக்குகளாகப் பிரிந்து ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் நகரும் வித்தையைக் காட்டிய அந்த ஓட்டத்தில், இன்று நமக்கு மிஞ்சியிருப்பவை அக்காலப் பத்திரிகைகளில் அச்சான சில படங்கள் மட்டுமே. 2002இல் வந்த சோனிக் மெகா கலெக்ஷன் என்ற பழைய விளையாட்டுகளின் தொகுப்பில் அதைச் சேர்க்க விரும்பியும் கண்டெடுக்க முடியாமல் போனதாக நாகாவே சொல்லியிருக்கிறார். செய்தவருக்கே கிடைக்காத ஒன்று, முகம் காட்டாத ஒரு கணக்கின் வழியே ஒரு செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வந்து இறங்கியிருக்கிறது. நம்பிவிட்டோம்!

மெகா டிரைவில் செருகும் விளையாட்டுப் பேழையான கேட்ரிட்ஜ் ஒவ்வொன்றின் நிரலிலும் தலைப்பகுதி என்று ஒன்று உண்டு. நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் மாதமும் அதில் இருக்கும். விற்பனைக்கு வந்த சோனிக்கில் அது 1991 ஏப்ரல். நண்பர்கள் கொண்டாடிய அந்தக் "கண்காட்சி முன்மாதிரி"யைத் திறந்து பார்த்தால் அதிலும் அதே 1991 ஏப்ரல் இருக்கிறது. 1990 ஜூனில் காட்டியதற்குப் பத்து மாதம் கழித்து வரப்போகும் தேதியை எழுதி வைத்திருந்தார்கள் என்றால், செகாவில் நிரலாளர்களோடு சோதிடர்களும் வேலை பார்த்திருக்க வேண்டும். விற்பனைப் பதிப்பை எடுத்து, படங்களை மாற்றி, தலைப்பகுதியை மாற்ற மறந்துவிட்டார்கள். வேறொன்றுமில்லை.

"அப்படியானால் 2021இல் வெளியான சோனிக் முன்மாதிரியும் போலியா?" என்று கேட்பீர்கள். இல்லை. அந்தப் புத்தாண்டையொட்டி பழைய விளையாட்டுகளின் முன்மாதிரிகளைத் தேடிப் பாதுகாக்கும் ஹிடன் பேலஸ் குழுவினர் வெளியிட்டது வேறொரு முன்மாதிரி, கண்காட்சிக்குப் பிந்தையது. பழைய படங்களில் விளையாட்டின் ஒரு கட்டமான மார்பிள் மண்டலத்தின் வானத்தில் பறக்கும் தட்டுகள் தெரிந்தது பல காலம் புதிராகவே இருந்தது. அந்த நிரலை ஓட்டியபோது அதே தட்டுகள் அதே வானத்தில் மிதந்தன. உண்மையான பொருள் வந்தால் நம்மிடம் ஏற்கெனவே இருந்த துண்டுகளோடு தானாகப் பொருந்தும். போலியைப் பொருத்துவதற்கு நாம்தான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

"மறு உருவாக்கம் செய்வதே தவறா?" என்பது அடுத்த கேள்வி. எங்கே சொன்னேன்? அடுத்து வந்த சோனிக் 2இல் கைவிடப்பட்ட, அந்தக் குழுவின் பெயரே கொண்ட ஹிடன் பேலஸ் மண்டலத்தை 2013இல் கைபேசிப் பதிப்புக்காகப் புதிதாகச் செய்து, புதிதாகச் செய்தது என்று சொல்லியே கொடுத்தார்கள். நானும் ஆடினேன், மகிழ்ந்தேன். பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டுவதைத்தான் தவறு என்கிறேன். தொலைந்ததைத் தொலைந்தது என்று சொல்லுங்கள், செய்ததைச் செய்தது என்று சொல்லுங்கள். இதில் என்ன சிரமம் என்று உண்மையாகவே எனக்குப் புரியவில்லை.

"ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். 4 மெகாபிட், அதாவது 512 கிலோபைட் இடத்துக்குள் அந்த விளையாட்டு முழுவதையும் அடைத்தார்கள். ஒலிகளைக் கேட்டுப் பார்க்கும் திரையில் சோனிக் ஓர் இசைக்குழுவோடு ஆடுவதாக இருந்த திட்டத்தைக் கைவிட்டு, மிஞ்சிய இடத்தில் தொடக்கத்தில் வரும் "செகா" என்ற குரலை வைத்தார்கள். அந்த ஒரு குரலே மொத்த இடத்தில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. எதை விட்டு எதை வைத்தார்கள் என்பதை முடிந்த பொருள் சொல்லாது. முன்மாதிரி சொல்லும், அதன் தவறுகளோடு சேர்த்து. போலியில் அந்தத் தவறுகள் இருக்காது, ஏனென்றால் முடிவு தெரிந்தவர் செய்தது அது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பள்ளி நாட்களில் நானும் ஒரு விளையாட்டு எழுதினேன். ஒரு சிறு உருவம் தாவித் தாவிச் செல்லும், அவ்வளவே. அதை வைத்திருந்த ஒரே வட்டில் வேறு எதையோ பதிந்து அழித்துவிட்டேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நண்பர் ஒரு வட்டைக் கொண்டுவந்து, "பழைய பெட்டியில் கிடந்தது" என்று கொடுத்தார். மூன்று நாட்கள் தலைகால் புரியவில்லை. நான்காம் நாள், உருவத்தை வலது ஓரச் சுவர்வரை கொண்டுபோய்த் தாவச் செய்தேன். சுவரில் முட்டி நின்றது. என்னுடையது நிற்காது, சுவரைத் துளைத்து மறுபக்கம் வந்துவிடும், அதைக் கடைசிவரை என்னால் சரிசெய்ய முடிந்ததேயில்லை. அவர் நினைவிலிருந்து எழுதியிருக்கிறார், அன்பினால்தான், என்னைவிட நன்றாகவும் எழுதியிருக்கிறார். அவரிடம் கேட்டபோது சிரித்துக்கொண்டே, "நீ சந்தோஷப்பட்டாய் அல்லவா?" என்றார்.

இந்த வாரம் "பொறுக்காதா" என்று எழுதியவரும் அவர்தான்.

அந்த வட்டை நான் தூக்கி எறியவில்லை. அவருடைய பெயரையும் அவர் அதை எழுதிய ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதி, அன்றே அதன்மேல் ஒட்டி வைத்துவிட்டேன்.