முள்ளுக்குள்ள போன பந்தும் பெட்டியிலேர்ந்து வந்த பந்தும் ஒன்னா?

போன ஞாயிற்றுக்கிழமை கண்மாய் கிரவுண்டுல டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஃபைனல் பாதியிலயே சண்டையில நின்னது எல்லாருக்கும் தெரியும். வீடியோ ஊரெல்லாம் சுத்தி வந்துருச்சு. ஸ்டம்பைப் புடுங்குனது யாரு, சட்டையைப் புடிச்சது யாருங்கிற விசாரணைக்குள்ள நான் போகல. அதுக்கு ஆளுங்க நிறையா இருக்காங்க, நாலு நாளா டீக்கடையில அந்த வேலையைத்தான் பார்க்குறாங்க. நான் கேக்குறது ஒன்னே ஒன்னு. ஆறாவது ஓவருக்குப் பெட்டியைப் பிரிச்சுப் புதுப் பந்தை எடுத்துக் குடுத்தது யாரு?

இதை அன்னைக்கே ஸ்கோர் டேபிள்லேர்ந்து எந்திரிச்சுக் கேட்டேன். "நோட்டு எழுதுறவன் நோட்டை எழுது"ன்னு பதில் வந்துச்சு. சரி, நோட்டுல இருக்குறதையே சொல்றேன்.

எட்டு ஓவர் ஃபைனல். முதல்ல ஆடுன டீம் 74. அந்த எட்டு ஓவரும் ஒரே பந்து. கடைசி மூணு ஓவர்ல அவங்க எடுத்தது 21. அடுத்த டீம் அஞ்சு ஓவர்ல 44. அஞ்சாவது ஓவரோட கடைசிப் பந்து சிக்ஸு, நேரா சீமைக்கருவைக்குள்ள. பத்து நிமிசம் தேடியும் கிடைக்கல. பாக்கி 18 பந்துல 31. இந்த இடத்துல புதுப் பந்து. ஆறாவது ஓவர்ல 19 ரன். 12 பந்துல 12ன்னு வந்து நின்னப்பதான் ஃபீல்டிங் டீம் "பழைய பந்து வந்தாத்தான் ஓவர் போடுவோம்"னு உக்காந்துச்சு. மிச்சத்தை வீடியோவுல பார்த்துக்கங்க.

ரெண்டு டீமுக்கும் பகை, அதான் சண்டைன்னு எல்லாரும் முடிச்சுட்டாங்க. பகை இருக்கத்தான் செய்யுது, யார் இல்லைன்னா? அந்தப் பகை இல்லைன்னா வெயில்ல கரை மேல அவ்வளவு கூட்டம் எதுக்கு நிக்கப் போகுது? ஐஸ் வண்டி எதுக்கு வரப் போகுது? ரெண்டு டீமும் மோதுற மேட்சுன்னு போஸ்டர்ல தனியா பெருசாப் போட்டது டோர்னமென்ட் நடத்துற நீங்கதானே. பகையைக் காட்டிக் கூட்டம் சேர்த்துட்டு, கடைசியில எல்லாப் பழியையும் அந்தப் பகை தலையிலயே கட்டுனா எப்படி? பகை வருசக்கணக்கா இருக்கு. புதுப் பந்து ஆறாவது ஓவர்லதான் வந்துச்சு.

டென்னிஸ் பந்துல கிரிக்கெட் ஆடாதவங்களுக்கு இது அற்ப விசயமாத் தெரியும். லெதர் பந்து 156லேர்ந்து 163 கிராம். டென்னிஸ் பந்து 56லேர்ந்து 59தான். நம்ம ஆளுங்க ஆடுற ஹெவி பாலும் டென்னிஸ் பந்து வகைதான், அது சாதா டென்னிஸ் பந்தைவிடக் கனம்னாலும் லெதர் பந்துக்குப் பக்கத்துல வராது. அதனால பந்துல சின்னதா ஒரு மாத்தம் வந்தாலும் பிட்ச்ல அது பெருசாத் தெரியும். புதுப் பந்துல மேல முடி இருக்கும். உள்ள ரப்பர் விறைப்பா இருக்கும். காஞ்ச களிமண்ணுல குத்துனா இடுப்புக்கு மேல எழும்பும், மட்டையில பட்டாப் பறக்கும். ரெண்டு மூணு ஓவர்ல அந்த முடி மண்ணுல தேஞ்சு போகும், பந்து செம்மண் நிறத்துக்கு வந்துரும். அஞ்சாறு ஓவர் அடி வாங்கிருச்சுன்னா ரப்பர் தளந்துரும். அதுக்கப்புறம் குத்துனா வழுக்கிக்கிட்டு முழங்காலுக்குக் கீழ வரும். எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் 'டொப்'புன்னு சத்தம் வருமே தவிர, கரையைத் தாண்டாது. டெத் ஓவர்ல, அதாவது கடைசி ஓவர்கள்ல, பேட்ஸ்மேன் காலடியிலயே குத்துற யார்க்கர் போடுறவன் நம்பி இருக்குறதே இந்தத் தளந்த பந்தைத்தான்.

அன்னைக்குப் போட்ட பையன் அந்த மாதிரி பவுலர்தான். அஞ்சு ஓவர் பழசான பந்தை எந்த இடத்துல குத்தணும்னு கணக்கு வச்சிருந்தானோ, அந்த லெங்த்துலயே புதுப் பந்தைக் குத்துனான். அது சமத்தா இடுப்பு உயரத்துக்கு எழும்பி, 'அடிச்சுக்கடா'ன்னு நின்னுச்சு. ரெண்டு சிக்ஸு. உடனே "அவன் டென்சன் ஆயிட்டான், பிரஷர் தாங்கல"ன்னு மைக்ல கமெண்டரி. பிரஷர் பந்துக்குள்ளதான் இருந்துச்சு, அவனுக்கு இல்ல.

"ஒரு பந்துக்காக இவ்வளவு நீளப் பதிவா?"ன்னு கேக்கப் போறீங்க. கேளுங்க. கிரிக்கெட்டுக்கு விதி எழுதுற லண்டன் கிளப்பு எம்சிசி. அவங்க சட்டப் புத்தகத்துல நாலாவது சட்டமே பந்துக்குத்தான். அதுல 4.5ல தெளிவா இருக்கு: பந்து தொலைஞ்சாலோ ஆட லாயக்கில்லாமப் போனாலோ, பழைய பந்து எவ்வளவு தேஞ்சிருந்துச்சோ ஏறக்குறைய அதே தேய்மானம் உள்ள பந்தைத்தான் அம்பயர் குடுக்கணும். மாத்துனதை ஆடுற பேட்ஸ்மேன்களுக்கும் ஃபீல்டிங் கேப்டனுக்கும் சொல்லவும் சொல்லணும். நம்ம கண்மாயில கேப்டனுக்குச் சொன்னது யாரு? லாங் ஆன்ல, எல்லைக் கோட்டுப் பக்கம் நின்ன கேப்டன் முதல் சிக்ஸு தலைக்கு மேல போனப்பதான் பந்து பச்சையா மினுங்குறதையே பார்த்தான்.

"அதெல்லாம் லெதர் பந்துக்கு எழுதுனது, நம்ம ஆடுறது கண்மாய்க் கிரிக்கெட்"னு ஒரு பெரியவர் சொன்னார். அய்யா, எல்பிடபிள்யூ வேணாம்னு எடுத்தோம். முள்ளுக்குள்ள உருண்டு போனா டூ டிக்ளேர், ஓடாமலே ரெண்டு ரன்னுன்னு நாமளா வச்சோம். வேண்டாததை எடுக்கவும் வேணுங்கிறதைச் சேர்க்கவும் நமக்குத் தெரியுதுல்ல? பந்துக்கு மட்டும் ஏன் வாய் அடைச்சுப் போச்சு?

அடுத்து, "ரெண்டு டீமுக்கும் அதே கம்பெனி பந்துதானே, இதுல என்ன பாரபட்சம்?" இதைக் கேட்டவர் அஞ்சு வருசமா டோர்னமென்ட் நடத்துறவர். அவர்கிட்டேர்ந்து இந்தக் கேள்வி வந்ததுதான் எனக்கு வருத்தம். ஒரு டீம் கடைசி மூணு ஓவரைத் தேஞ்ச பந்துல ஆடி 21 எடுத்துருக்கு. இன்னொரு டீமுக்கு அதே மூணு ஓவரைப் புதுப் பந்துல குடுக்குறீங்க. பெட்டி மேல இருக்குற பேரு ஒன்னா இருந்தாப் போதுமா? இன்னைக்கு அரைச்ச மாவும் நாலாம் நாள் மாவும் ஒரே கிரைண்டர்ல அரைச்சதுதான். ரெண்டுலயும் இட்லி ஒரே மாதிரி வருமா?

பந்துல கை வச்சா என்ன ஆகும்னு இங்க யாருக்கும் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. ஒரு டீம் ஃபீல்டிங் வர்றதுக்கு முன்னாடி மேட்ச் பந்தை ஐஸ் பெட்டிக்குள்ள தண்ணி பாக்கெட்டோட போட்டு வச்சிருந்த கதை இந்த வட்டாரத்துல எல்லாருக்கும் தெரியும். குளுந்த ரப்பர் எழும்பாது, உள்ள இருக்குற காத்தும் சுருங்கிரும். முதல் ரெண்டு ஓவர் பேட்ஸ்மேன் முழிச்சுக்கிட்டு நின்னான். அடுத்த வருசம் எதிர் டீம்காரன் தங்க டீம் பேட்டிங்குக்கு வர வேண்டிய பந்தை டிராக்டர் பானட்ல வெயில்ல வச்சு எடுத்தான். சூடான பந்து துள்ளும். நான் யாரையும் குறை சொல்ல இதை இழுக்கல, சிரிச்சுக்கிட்டேதான் சொல்றேன். ஆனா இவ்வளவு வெவரம் தெரிஞ்ச ஊர்ல "பந்துல என்ன இருக்கு"ன்னு ஒருத்தர் மைக்கைப் புடிச்சுச் சொல்றப்ப சிரிப்பு வரல.

எல்லா ஊர்லயும் இதே கதைதான். கராச்சித் தெருவுல டென்னிஸ் பந்து மேல கரண்ட்காரங்க ஒட்டுற டேப்பைச் சுத்தி ஆடுறாங்க, வேகமும், காத்துல வளையுற ஸ்விங்கும் கிடைக்க. அமெரிக்காவுல விஃபிள் பால்னு ஒரு விளையாட்டு. பேஸ்பாலோட வீட்டுக் கொல்லை வடிவம்னு வச்சுக்கங்க. 1953ல கனெக்டிகட்ல ஒரு அப்பா தன் மகனுக்காக உண்டாக்குன பிளாஸ்டிக் பந்து, ஒரு பாதியில மட்டும் எட்டு நீள ஓட்டை. மகன் பலமில்லாமலே வளைச்சுப் போடணும்னுதான் அந்த ஓட்டையெல்லாம். இன்னைக்கு அங்கேயும் பெரிய ஆளுங்க டீம் சேர்த்து லீக் ஆடுறாங்க, டீமுக்கு டீம் வருசக்கணக்கா முறைச்சுக்கிறாங்க. அவங்க சண்டையும் பந்துலதான். மணல்தாளாலயோ கத்தியாலயோ பந்தைக் கீறி விட்டா இன்னும் கூடுதலா வளையும். சில லீக்ல கீறலாம், சில லீக்ல கீறாத பந்துலதான் ஆடணும். எதுவா இருந்தாலும் முன்னாடியே எழுதி வச்சிருக்கான். ஆறாவது ஓவர்ல முடிவு பண்ணல.

இப்ப "குறை சொல்றது சுலபம், வழி சொல்லு"ம்பீங்க. செலவே இல்லாத வழி இருக்கு. டோர்னமென்டுக்குப் பந்து வாங்குறப்ப ஒரே பெட்டி வாங்குங்க, கடை மாத்தாதீங்க. லீக் மேட்ச்ல ஒரு இன்னிங்ஸ் ஆடி முடிச்ச பந்தைப் பசங்க பாக்கெட்டுக்குள்ள போக விடாம வாங்கி வைங்க. ஆறு ஓவர் ஆடுனதுக்கு '6'ன்னு எழுதுங்க. ஃபைனல் அன்னைக்குக் காலையில ரெண்டு டீமும் வார்ம் அப் பண்றப்ப ஒரு புதுப் பந்தைக் குடுத்து, மூணு ஓவர் போட்டதும் திரும்ப வாங்கி '3'ன்னு எழுதுங்க. மண் அப்புன பந்துல மார்க்கர் புடிக்காது, துடைச்சுட்டு எழுதணும். அப்பவும் அழிஞ்சா, பாலித்தீன் கவர்ல போட்டுக் கவர் மேல எழுதுங்க. இப்படி நாலஞ்சு பந்தை ஒரு மஞ்சப்பையில போட்டு, ஸ்கோர் டேபிளுக்கு அடியில நிழல்ல வைங்க. தகரத்து மேல வேணாம், பைக் டேங்க் மேல வேணாம், ஐஸ் பெட்டி வேணவே வேணாம்.

பந்து வாயைப் பிளந்துக்கிட்டாத் தொல்லை இல்ல. பழசு கையிலயே இருக்கும், பக்கத்துல வச்சு முடியைப் பார்த்து மாத்துப் பந்தை எடுத்துரலாம். பிளந்துருச்சான்னு சந்தேகம் வந்தா, காதோரம் வச்சு ரெண்டு கட்டை விரலாலயும் அமுக்குனாத் தெரியும், காத்து 'உஸ்'ஸுங்கும். தொலைஞ்ச பந்துதான் சிக்கல், பக்கத்துல வச்சுப் பார்க்க வழியில்ல. ஓவர்க் கணக்கை எழுதி வைக்கச் சொல்றதே அதுக்குத்தான். அஞ்சு ஓவர்ல தொலைஞ்சா '6' எழுதுன பந்தை எடு. பை டேபிள்லயே இருக்கணும், எந்த டீமோட கிட் பேக்லயும் இருக்கக் கூடாது. எடுக்குறது அம்பயர் வேலை. எடுத்ததும் தோள் உயரத்துலேர்ந்து பிட்ச்ல ஒரு தடவை போட்டு ரெண்டு டீமுக்கும் காட்டணும். மொத்தமே ஒரு நிமிசம். அன்னைக்குச் சண்டையில போனது ஒன்றரை மணி நேரம்.

"பசங்க கைக்காசைப் போட்டு நடத்துறாங்க, அவங்களைப் போய்க் குத்தம் சொல்றியே"ன்னு ஒரு பேச்சு வரும். இது நியாயமான பேச்சு, ஒத்துக்கிறேன். கிரவுண்டைச் செதுக்குனது அவங்க, சுண்ணாம்பு போட்டது அவங்க, முள்ளு குத்திக் காலெல்லாம் ரத்தமாப் பந்து தேடுனதும் அவங்கதான். ஆனா சவுண்டு சர்வீஸுக்குக் காசு இருந்துச்சு. ஆள் உயர ஃபிளெக்ஸுக்கு, அதுல பதினாறு மூஞ்சிக்கு, காசு இருந்துச்சு. ஒரு மஞ்சப்பைக்கும் மார்க்கருக்கும் மட்டும் இல்லாமப் போச்சு. போகட்டும், இதுக்கு மேல சொன்னா அதுக்கும் ஒரு பேரு வைப்பீங்க.

ஏற்கெனவே வச்சாச்சு. "தோத்த டீம் ஆளு"ன்னு. எந்த டீம்டா தோத்துச்சு? 12 பந்துல 12, ஆட்டம் அப்படியே நிக்குது. ஜெயிச்சது யாருன்னு நோட்டுல இன்னும் எழுதல, எழுதவும் மாட்டேன். கோப்பையை ஒரு டீம் தூக்கிட்டுப் போயிருச்சு, பரிசுப் பணம் பாதி யார்கிட்டயோ நிக்குது. அந்த டீம் பசங்க நல்லா ஆடுனாங்க, பழைய பந்துலயும் 31ஐ அடிச்சிருப்பாங்களோ என்னவோ. இப்ப அவங்களுக்கும் அது ஜெயிச்ச கோப்பையா இல்ல. போற இடமெல்லாம் "புதுப் பந்து சாம்பியன்"னு கேலி பண்றாங்க. அவங்க கேட்டு வாங்குனதில்லை அந்தப் பந்து. இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கு, அந்த டீம்காரனே என்னைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறப்ப.

"அம்பயர் தீர்ப்பே இறுதி"ன்னு போஸ்டர் கடைசியில பொடி எழுத்துல இருக்காம். இருக்கட்டும். அம்பயர் தீர்ப்பு சொன்னா அது இறுதி. அன்னைக்கு அவர் தீர்ப்பே சொல்லல. பந்தைக் குடுத்தது மைக் புடிச்சவர்.

ரெண்டு டீம்லயும் அண்ணன் ஒன்னுல, தம்பி ஒன்னுலன்னு ஆடுற வீடு இருக்கு. ஞாயிறு சாயங்காலத்துலேர்ந்து அந்த வீட்டுல ஒருத்தருக்கொருத்தர் பேச்சு இல்ல. நடுவுல அவங்க அம்மா தட்டை வச்சுக்கிட்டு நிக்குது. அதுக்கிட்டப் போயி ஓவரையும் பந்தையும் யாரு வெளக்குறது?

செவ்வாக்கிழமை ஆடு மேய்க்கிற ஒரு பையன் கருவைக்குள்ளேர்ந்து பந்தை எடுத்துட்டு வந்தான். மண் நிறம், ஒரு பக்கம் முடியே இல்ல, அமுக்குனா வாழைப்பழம் மாதிரி அமுங்குது. என்கிட்டதான் இருக்கு. அதை ஒரு கவர்ல போட்டு மேல '5'ன்னு எழுதி வச்சிருக்கேன். சித்திரைத் திருவிழாவுக்கு அடுத்த டோர்னமென்ட் வைக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். டேபிளுக்கு அடியில அந்தப் பை இருந்தா, பேனாவை எடுத்துக்கிட்டு வர்றேன். இல்லைன்னா நோட்டை வந்து வாங்கிக்கங்க, வீட்டுலதான் இருப்பேன்.