சிலிண்டர் தீர்ந்ததால் இல்லை, அண்ணே

"ரௌஸ் அப்பாவும் மகனும் ஆக்சிஜன் தீர்ந்து கடலுக்கடியிலேயே செத்தார்கள், இன்னொரு சிலிண்டர் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார்கள்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தவறு, அண்ணே. கூடுதல் சிலிண்டர்கள் இருந்தன.

ரௌஸ் அப்பாவும் மகனும் சிலிண்டரோடு முக்குளிக்கும் அமெரிக்க ஸ்கூபாக்காரர்கள். 1992 அக்டோபர். நியூ ஜெர்சிக்கு அப்பால் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் கிடந்த ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் மகன் கிறிஸ்ஸி இடிபாட்டில் சிக்கினார். அப்பா கிறிஸ் விடுவித்தார். வெளியே வைத்துவிட்டுப் போன சிலிண்டர்களை அந்தக் குழப்பத்தில் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. வழியில் நின்று நின்று ஏற வேண்டியவர்கள் நேரே மேலே வந்துவிட்டார்கள். இறந்தது மேலே வந்த பிறகுதான்.

சிலிண்டரில் இருந்தது ஆக்சிஜன் இல்லை, சாதாரணக் காற்று. ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். 70 மீட்டரில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல 8 மடங்கு. அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது, போதையும் ஏற்றுகிறது. அவ்வளவு ஆழம் போகிறவர்கள் ஹீலியம் கலவை எடுப்பது அந்தப் போதையைக் குறைக்கத்தான். சட்டென்று ஏறினால், கரைந்த நைட்ரஜன் சோடா மூடியைத் திறந்ததுபோல் உடம்புக்குள் குமிழியாகக் கிளம்பும். சுத்த ஆக்சிஜனோ 6 மீட்டருக்குக் கீழே நஞ்சாகிவிடும்.

கேரளத்து விழிஞ்ஞத்தில் எங்கள் ஆட்கள் மூச்சடக்கிச் சிப்பி எடுத்துவிட்டுச் சட்டென்று மேலே வருவார்கள். மேலே இழுத்த ஒரே மூச்சு என்பதால் நைட்ரஜன் அவ்வளவு சேராது. அதே பழக்கத்தில், இப்போது கோவளத்தில் ஸ்கூபா கற்கும் நம் பையன்களும் சிலிண்டரோடு விறுவிறுவென்று ஏறிவிடுவார்களோ என்றுதான் பதறுகிறேன். அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள், அண்ணே.