'தெரியாது' என்று சொல்ல ஓர் இடம் இருந்தது

போன மாதக் கடைசி ஞாயிறு எங்கள் சேர்ச்சை மூடினோம். பூட்ட முதல் கதிரைகளை எண்ணினோம். 64. அன்றைக்கு வந்திருந்தவர்கள் பதினொரு பேர்.

சேர்ச் என்றதும் வேதக்கோயில் என்று நினைக்க வேண்டாம். இது ஸ்பிரிச்சுவலிஸ்ட் சேர்ச். யோர்க்ஷயரில் ஒரு சின்ன நகரத்தின் பின்தெருவில் செங்கல் மண்டபம், மேடையில் ஒரு பழைய பியானோ, சுவரில் இந்தச் சமயத்தின் ஏழு கோட்பாடுகள் எழுதிய படச்சட்டம். சிலுவை கிடையாது, பாதிரியாரும் கிடையாது. இறந்தவர்களின் உயிர் தொடர்கிறது, அவர்களோடு தொடர்புகொள்ளலாம் என்று நம்புகிறவர்களின் இடம். இருட்டறையில் மேசையைச் சுற்றியிருந்து பேயைக் கூப்பிடுகிற படங்களைப் பார்த்துப் பழகிய நம் சனத்துக்கு இதைச் சொன்னால் முகம் மாறும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஞாயிறு பின்னேர வழிபாடு இப்படித்தான் நடக்கும். பாட்டு, பிரார்த்தனை, வாழ்க்கையைப் பற்றி ஒருவர் பேசுவார். பிறகு மீடியம், அதாவது இறந்தவர்களிடமிருந்து சேதி சொல்கிறவர், எழும்பி நின்று, சபையில் யாரையாவது பார்த்து, "உங்களிட்ட வரலாமா?" என்று கேட்பார். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் பதில் சொல்ல வேண்டும். சொல்லக்கூடியவை மூன்றே மூன்று: ஆம், இல்லை, தெரியாது. அதற்கு மேல் ஒரு சொல்லும் கொடுக்கக்கூடாது. கொடுத்தால், மீடியம் அதைப் பிடித்துக்கொண்டு கதை கட்டலாம். அந்த ஒழுங்கை வைத்தவர்கள் நம்பிக்கை உள்ளவர்கள்தான்.

நான் 2011இல் முதல் தடவை போனேன். 2009 மாசிக்குப் பிறகு அண்ணாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா திவசம் செய்ய விடவில்லை. செய்தால் அவன் செத்துவிட்டான் என்று நாங்களே கையெழுத்து வைத்த மாதிரி. செய்யாமல் விட்டால், அவன் போயிருந்தால் பசியோடு அலைவானே என்ற பயம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற குடும்பத்துக்கு நம் சடங்குகளில் இடம் இல்லை. எட்டுச்செலவும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, லங்காஷயரில் இருந்து வந்த ஒரு மீடியம் என்னிடம் வந்தார். இருபதுகளில் ஒரு பெடியன், சகோதர அன்பு, ஈரமான மண் என்றார். "உங்கட சகோதரர் அங்கால போயிட்டாரா?"

"தெரியாது" என்றேன்.

மண்டபம் அப்படியே அமைதியாகிவிட்டது. அவர் என்னை வற்புறுத்தவில்லை. "அப்ப அன்பை மட்டும் உங்களிட்ட விட்டிட்டுப் போறன்" என்று சொல்லி அடுத்தவரிடம் போனார். வழிபாடு முடிந்ததும் சேர்ச்சின் தலைவி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தா. தன் தகப்பனின் தமையன் 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் காணாமற்போனதையும், பாட்டி சாகும்வரை கிழமை தவறாமல் இதே மண்டபத்துக்கு வந்ததையும் சொன்னா. பிரான்சில் தியெப்வால் நினைவுச் சின்னத்தில், கல்லறையே இல்லாத 72 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அதில் ஒன்று அந்தத் தமையனுடையது.

முதலாம் உலகப்போருக்குப் பிறகு இந்தச் சபைகள் நிறைந்து வழிந்த காரணம் எனக்கு அன்றைக்கு விளங்கியது. மகன் ரேமண்டை 1915இல் போரில் பறிகொடுத்த விஞ்ஞானி ஆலிவர் லாட்ஜும், 1918இல் மகனை இழந்த, ஷெர்லக் ஹோம்ஸ் கதைகள் எழுதிய ஆர்தர் கோனன் டாயிலும் மட்டும் இல்லை. உடலும் கிடைக்காமல், கும்பிட ஒரு குழியும் இல்லாமல் நின்ற ஆயிரக்கணக்கான தாய்மார்தான் இந்தக் கதிரைகளில் இருந்தார்கள்.

இந்த இயக்கத்தின் தொடக்கமும் ஏழைகளிடம்தான். 1848இல் அமெரிக்காவின் ஹைட்ஸ்வில்லில் ஆவி தட்டுவதாக ஃபொக்ஸ் சகோதரிகள் சொன்ன ஓசையோடு கிளம்பியது. டார்லிங்டன்காரர் டேவிட் ரிச்மண்ட் 1853இல் அதை யோர்க்ஷயரின் கீத்லிக்குக் கொண்டுவந்தார். ஆலைகள் நிறைந்த ஊர் அது. மேடையில் பெண் பேசினாலே அதிசயம் என்று பார்த்த காலத்தில், எம்மா ஹார்டிங் பிரிட்டன் என்ற பெண் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஏழு கோட்பாடுகள் அவர் வழியாக வந்தவைதான். (1875இல் நியூயோர்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சபைதான் பிறகு சென்னை அடையாறுக்கு வந்தது. நமக்கு இது அவ்வளவு தூரத்து விஷயமும் இல்லை.)

ஆறாவது கோட்பாடு: இங்கே செய்த நன்மை தீமை எல்லாவற்றுக்கும் அங்கே ஈடு உண்டு. அதை நான் முதல்நாளே பிடித்துக்கொண்டேன். ஏழாவது: ஒவ்வோர் ஆத்மாவுக்கும் முடிவில்லாத முன்னேற்றம் திறந்திருக்கிறது. ஒவ்வோர் ஆத்மாவுக்கும் என்றால், அண்ணாவைக் கொண்டுபோனவனுக்குமா? எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது நான்கு வருடம் அந்த ஏழாவதுக்கு வாய் திறக்காமல் நின்றேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது வாசிக்கிறேன். சில நாள் குரல் வராது.

ஏன் மூட வேண்டி வந்தது? எல்லோரும் மதநம்பிக்கை குறைந்துவிட்டது என்று சொல்கிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். இங்கிலாந்து, வேல்ஸ் குடிசன மதிப்பீட்டில் தங்களை ஸ்பிரிச்சுவலிஸ்ட் என்று எழுதியவர்கள் 2001இல் 32,404 பேர், 2011இல் 39,061 பேர். அந்தப் பத்து வருடத்தில் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் நான் போன 2011இலேயே எங்கள் மண்டபத்தில் பாதிக் கதிரை வெறுமை. நம்புகிறவர்கள் இருந்தார்கள், வந்து கதவைத் திறக்க, பாட்டுப் புத்தகம் கொடுக்க, கணக்கு எழுதத்தான் ஆள் இல்லை. கடைசி ஆறு வருடமும் பொருளாளர், செயலாளர், தேத்தண்ணி போடுகிறவர் மூன்றும் ஒரே ஆள்.

கொரோனாவில் 2020 பங்குனியில் பூட்டியது பெரிய அடி. கணினித் திரையில் வழிபாடு நடத்தினோம். திரும்பத் திறந்தபோது வயதானவர்கள் பலர் வரவில்லை, சிலர் உயிரோடு இல்லை. பிறகு ஹீற்றர் பில். அதெல்லாம் உண்மை. ஆனால் எங்கள் பிழை அதற்கு முந்தியது. சனம் சேதி கேட்கத்தான் வருகிறது என்று, அரைமணி நேரப் பேச்சைப் பத்து நிமிடமாக்கினோம். சேதி கிடைத்தவர் திருப்தியோடு போனார், கிடைக்காதவர் ஏமாற்றத்தோடு போனார், இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. பிள்ளைகளுக்கான லைசியம் வகுப்பு நான் வர முதலே நின்றுவிட்டது. அதன் பட்டுக் கொடி மட்டும் அலுமாரிக்குள் கிடந்தது.

மோசடி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஃபொக்ஸ் சகோதரிகளில் ஒருவரான மார்கரெட்டே 1888இல் எல்லாம் பொய் என்று மேடையில் சொன்னார், அடுத்த வருடம் அதை மறுத்தார். அதனால்தான் மண்டபம் வேண்டும் என்கிறேன். வெளிச்சத்தில், பலர் முன்னால், வழிச்செலவுக்கு மேல் பெரிதாக எதுவும் வாங்காமல் ஒரு மீடியம் நிற்கிறார். நாளைக்குக் கடையில் சந்திக்கிற அயலவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மண்டபம் போனால் துக்கப்பட்ட மனுசி என்ன செய்வாள்? இரவு ஒரு மணிக்குத் தனியே இருந்து, நிமிடத்துக்கு இவ்வளவு பவுண்ட் என்று கேட்கிறவரிடம் கார்ட் நம்பரைக் கொடுப்பாள். அங்கே அவள் 'தெரியாது' என்று சொல்லி நிறுத்த முடியாது, அந்த ஆள் விடமாட்டார்.

1951 வரைக்கும் மீடியங்களை 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டத்தின் கீழும், நாடோடிச் சட்டத்தின் கீழும் வழக்குப் போட்டு உள்ளே தள்ளலாம். 1944இல் ஹெலன் டங்கன் என்ற மீடியத்தை அப்படித்தான் ஒன்பது மாதச் சிறைக்கு அனுப்பினார்கள். பொலிஸ் வரலாம் என்று தெரிந்தும் அந்தக் காலத்து ஆட்கள் வாசலைத் திறந்து வைத்தார்கள். நாங்கள் பில்லைப் பார்த்துப் பூட்டினோம். இதை எழுதக் கை கூசுகிறது.

கட்டிடம் விற்பனைக்குப் போகிறது. பியானோவை யாரும் கேட்கவில்லை. ஏழு கோட்பாடுச் சட்டத்தைப் பெட்சீற்றில் சுற்றி நான் கொண்டுவந்துவிட்டேன். இந்தப் புதனிலிருந்து ஆறு பேர் என் வீட்டில் கூடுகிறோம். வட்டமாக இருப்போம், ஒருவர் பேசுவார், கொஞ்ச நேரம் மௌனம். மீடியம் வருவாரா தெரியாது. வராவிட்டாலும் பேச்சைக் குறைக்கப் போவதில்லை, அரைமணி நேரம்தான்.

எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிறவர்கள், உங்கள் வீட்டிலும் திவசம் செய்யாமல் ஒரு பெயர் இருந்தால், உள்பெட்டியில் எழுதுங்கள். எங்கள் சமயம் என்ன என்று பார்க்க வேண்டாம், சைவமோ வேதமோ நானும் கேட்கமாட்டேன். ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிப்போம். தேத்தண்ணி நான் போடுவேன்.