விற்ற தோட்டத்தையே பாட்டத்துக்கு எடுத்த கதை

லண்டன் ஹீத்ரோவில் விமானம் இறங்கி ஏறும் நேரத்தை, அதாவது ஸ்லாட்டை, கோடிக்கணக்கில் விற்கிறார்கள் என்று படித்ததும் எங்கள் ஊர் குலசேகரம்தான் நினைவுக்கு வந்தது. இங்கே கடன் முற்றினால் ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டு, அதையே பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்கள் உண்டு. ஜெட் ஏர்வேஸும் 2013-ல் அதைத்தான் செய்தது. மூன்று ஜோடி ஹீத்ரோ ஸ்லாட்டுகளை அபுதாபியின் எதிஹாட் விமான நிறுவனத்துக்கு 7 கோடி டாலருக்கு விற்று, குத்தகைக்குத் திரும்ப எடுத்து ஓட்டியது.

சரி, அது வியாபாரம். எனக்கு உறுத்துவது 80 சதவீத விதி. ஒரு சீசனில் அந்த அளவுக்குப் பயன்படுத்தாவிட்டால் ஸ்லாட் கைவிட்டுப் போகும். 2020 தொடக்கத்தில், கொரோனா பயத்தில் பயணிகள் குறைந்தபோதும், இதற்காகவே ஐரோப்பாவில் காலி விமானங்கள் பறந்தன. அப்புறம்தான் விதியைத் தளர்த்தினார்கள். எங்கள் மினி பஸ்காரர் மூன்று பேருக்குக் குறைந்தாலே டிரிப்பை கட் பண்ணிவிடுவார்!