ஐஞ்சு பெனியனும் ஒரு லோங்போர்ட்டும்

(ரொறன்ரோ, ஸ்காபரோ. ஞாயிறு காலை. வெளியில மைனஸ் 5. றோட்டு காய்ஞ்சு கிடக்கு. கதவடியில மருமகன், பக்கத்தில மாமாவின்ர லோங்போர்ட், காலால உந்தி ஓடுற நீளமான சில்லுப் பலகை. அறைக்குள்ள இருந்து மாமா பக்கவாட்டில நடந்து வாறார்.)

மருமகன்: மாமா, கை ஏன் ரெண்டு பக்கமும் விரிஞ்சு நிக்குது?

மாமா: மடங்காதடா. ஐஞ்சு பெனியன், ரெண்டு சேர்ட், ஒரு ஸ்வெற்றர், மேல மாமியின்ர ஜக்கெட். குளிர் எதுக்குள்ளால வருது எண்டு பாப்பம்.

மருமகன்: பெனியனுக்குள்ளால வரும். பருத்தி எல்லே? பத்து நிமிசம் காலால உந்த வேர்க்கும். பருத்தி வேர்வையைக் குடிச்சிட்டு விடாது. பிறகு இறக்கத்தில காத்து அடிக்கேக்க ஈரச் சாக்குக்குள்ள நிண்ட மாதிரித்தான்.

மாமா: அப்ப வெறும் மேலோட வாறதே?

மருமகன்: மூண்டு உடுப்புக் காணும். தோலோட ஒட்டின மாதிரி மெல்லிய மெரினோக் கம்பளி, இல்லாட்டிப் பொலியெஸ்டர். நடுவில ஃபிளீஸ், அந்தப் பஞ்சு மாதிரி மெத்தெண்ட துணி. மேல காத்துப் புகாத மெல்லிய ஜக்கெட். கமக்கட்டில சிப் இருந்தா இன்னும் நல்லம், வேர்க்க முந்தித் திறந்து விடலாம். வாசலில நிக்கேக்க கொஞ்சம் குளிரவேணும்.

மாமா: குளிராம இருக்கிறதுக்கு முதலில குளிரவேணுமாம்! ரேடியோவில வெறும் மைனஸ் 5 எண்டுதானே சொன்னவன்?

மருமகன்: அது சும்மா நிக்கிற ஆளுக்கு. மணிக்கு 30 கிலோமீற்றரில இறங்கினா, காத்தே இல்லாத நாளிலயும் முகத்துக்கு மைனஸ் 13 மாதிரி இருக்கும்.

மாமா: நான் எங்க 30இல போறன்? நாலில போவன்.

மருமகன்: இறக்கத்தில அதை நீங்கள் முடிவு செய்யேலாது மாமா. ஹெல்மெற் என்ன, தேங்காய்க்கு மேல சிரட்டை கவிட்ட மாதிரி நிக்குது?

மாமா: கீழ குரங்குத் தொப்பி.

மருமகன்: கழட்டுங்கோ. தடிச்ச தொப்பி போட்டா ஹெல்மெற் நெத்தியில இருக்காது, விழேக்க பின்னால நழுவிடும். காதை மூடுற மெல்லிய தொப்பி போதும். கழுத்துக்கு ஒரு துணிக்குழாய். மூக்கை மூடாதேங்கோ, கண்ணாடி புகைச்சிடும். காலில எத்தினை மேசு?

மாமா: மூண்டு சோடி.

மருமகன்: அதுதான் நொண்டுறியள். சப்பாத்து இறுகினா ரத்தம் ஓடாது, விரல்தான் முதலில விறைக்கும். ஒரு சோடி கம்பளி மேசு, விரல் அசைக்க இடம். கைக்கும் மாமி பின்னினது வேண்டாம், விழுந்து கையூண்டினா கிழிஞ்சிடும். உள்ளங்கையில பிளாஸ்ரிக் வில்லை வைச்ச ஸ்லைட் கிளவுஸ், அதுக்குள்ள மெல்லிய ஒண்டு.

மாமா: ஆளுக்கு இவ்வளவு பாக்கிறாய், பலகைக்குக் குளிராதோ?

மருமகன்: அதுக்கும்தான். சில்லு செய்யிற யூரதேன் பிளாஸ்ரிக் குளிரில இறுகும், சில்லு நிலத்தைப் பிடிக்காது. 83ஏ சில்லைக் கழட்டி 78ஏ பூட்டவேணும், அந்த எண் குறைஞ்சா சில்லு மெது. ட்ரக், அதுதான் சில்லுப் பூட்டின உலோகத் தண்டு, அதில இருக்கிற புஷ் எண்ட மெத்து வளையமும் இறுகி, சாய்ஞ்சாலும் பலகை திரும்பாது. அந்த வளையத்தை இறுக்கிப் பிடிக்கிற கிங்பின் நட்டைக் கால் சுத்துத் தளர்த்தலாம், அதுக்கு மேல வேண்டாம். பாலத்துக்கு மேல மட்டும் இறங்கி நடக்கவேணும், அங்கதான் முதலில கண்ணுக்குத் தெரியாம ஐஸ் படியும். (சில்லைச் சுத்துறான். அது அசையேல்லை.) மாமா... பெயரிங்குக்கு என்ன விட்டனீங்கள்?

மாமா: கரகரவெண்டு சத்தம் போட்டுது. சுத்தமான தேங்காய் எண்ணெய், எட்டுக்கும் தாராளமா விட்டனான். ராத்திரி பல்கனியில வைச்சனான், குளிருக்குப் பழகட்டும் எண்டு.

மருமகன்: மாமியின்ர தேங்காய் எண்ணெய்ப் போத்தல் மாரியில எப்பிடி இருக்கும்?

மாமா: கல்லு மாதிரி. கரண்டியால சுரண்டித்தான் அவ... (நிப்பாட்டுறார்.) ஓ.

மருமகன்: எட்டையும் கழட்டி, மூடி நீக்கி, ஐசோபுரோப்பைல் அல்ககோலில அலசிக் காயவைச்சு, ரெண்டு ரெண்டு சொட்டு மெல்லிய பெயரிங் எண்ணெய் விடவேணும். பல்கனியில இருந்து உள்ளுக்குக் கொண்டுவந்ததால ஈரமும் பூத்திருக்கும், விட்டா கறள் பிடிக்கும். ஒரு மணித்தியாலம் செல்லும். அதுவரைக்கும் இருங்கோ.

மாமா: இருக்க ஏலாதடா, முழங்காலும் மடங்காது. நிக்கிறன். நீ உந்த எண்ணெயை மட்டும் வழிச்சுக் கோப்பைக்குள்ள விடு. மாமி இன்னும் போத்தலைத் தேடேல்லை.