'செட்' ஒரு சொல் அல்ல, இரண்டு

ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் 'செட்' (set) என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி இரண்டாம் பதிப்பு வரை அது சரி. அதில் வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள். இப்போது 'ரன்' (run) முந்திவிட்டது, அதன் வினைக்கு 645 பொருள்.

அந்தக் கட்டுரையில் விடுபட்டது ஒன்று உண்டு. வினையாக வரும் செட், 'உட்கார வை' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. தொகுதி என்ற பொருளில் வரும் செட்டோ, பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல். வேர் வேறு வேறு.

எங்கள் வேலூர்ப் பக்கம் இரண்டும் கலந்தே புழங்குகின்றன. குடியாத்தத்தில் எங்கள் நிலத்தில் இருப்பது பம்பு செட்; அது தொகுதி. சத்துவாச்சாரியில் வீடு கட்டியபோது மேஸ்திரி தளத்தில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்து, "இன்னும் செட் ஆவல சார், நாளைக்குத் தண்ணி கட்டலாம்" என்றார். ஓரத்தில் அந்த விரல் தடம் இன்னும் இருக்கிறது. 'உட்கார வை' என்ற பழைய பொருளிலிருந்து வந்த 'உட்கார்ந்து இறுகுவது' என்ற பொருளை அவ்வளவு துல்லியமாக நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

தயவுசெய்து பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட சொற்களின் பொருள் பட்டியலை மனப்பாடத்துக்குக் கொடுக்காதீர்கள். 'படி'யை நாம் அப்படியா கற்றோம்? வாசற்படி, அரிசி அளக்கிற படி, பாடம் படி, தூசி படிந்த அலமாரி, அப்பாவின் பயணப்படி எல்லாம் பேச்சோடு பேச்சாகத்தானே வந்து சேர்ந்தன.