கொப்பியில் இருக்கிற அந்தச் சமன் குறி

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிக்கிற எந்தப் பிள்ளையின் கொப்பியையும் விரித்துப் பாருங்கோ. பக்கத்தின் நடுவே அடிமட்டம் வைத்துக் கீறிய ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், இடையில் ஒரு சமன் குறி. ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து சொல் வீதம் கொப்பி நிரம்பியிருக்கும். அதே பிள்ளையிடம் ஒரு பந்தி எழுதச் சொன்னால் குட், பாட், வெரி, மெனி இந்த நாலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். பிள்ளையின் மூளையில் பிழை இல்லை. அந்தச் சமன் குறியில்தான் பிழை.

சமன் என்றால் இந்தப் பக்கத்தில் இருப்பதைத் தூக்கி அந்தப் பக்கத்தில் போட்டாலும் கணக்குப் பிழைக்கக் கூடாது. சொல்லில் அது பெரும்பாலும் பிழைக்கும்.

மிற்றிகேற் என்ற சொல்லை எடுப்போம். கொப்பியில் "மிற்றிகேற் = குறை" என்று இருக்கும். அதை மனனம் செய்த பிள்ளை அடுத்த கட்டுரையில் அரிசி விலையை அரசாங்கம் மிற்றிகேற் செய்ய வேண்டும் என்று எழுதும். எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வாசிக்கிறவருக்குச் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும். மிற்றிகேற் என்பது ஒரு தீங்கின் கடுமையைத் தணிப்பது. அதற்குப் பக்கத்தில் ரிஸ்க் வரும், டமேஜ் வரும், இம்பாக்ற் வரும். மாரிக்கு முன்னமே வாய்க்காலைத் துப்புரவாக்கி வெள்ளச் சேதத்தின் அளவைத் தணிப்பது மிற்றிகேற். விலை என்றால் ரிடியூஸ் அல்லது லோவர். நோவு என்றால் றிலீவ் அல்லது அலீவியேற். வறுமைக்கும் அலீவியேற் வரும். உடம்பு எடை என்றால் லூஸ். தமிழில் எல்லாத்துக்கும் "குறை" என்ற ஒரே ஆள் வேலை செய்கிறார், ஆங்கிலத்தில் வேலைக்கு ஒருவர் நிற்கிறார். இதற்குள் மிலிற்றேற் என்று இரட்டைப்பிள்ளை மாதிரி இன்னொரு சொல் வேறு. அதற்குத் தடையாக நிற்பது என்று பொருள், பின்னால் எகேன்ஸ்ற் சேரும். இரண்டையும் குழப்பி "மிற்றிகேற் எகேன்ஸ்ற்" என்று எழுதுவது ஆங்கிலேயரே விடுகிற பிழை. எங்கட பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல ஏலாது.

இதைவிட மோசம் "சந்தேகப்படு". டவுட், சஸ்பெக்ற் இரண்டுக்கும் கொப்பியில் இந்த ஒரே பொருள்தான் இருக்கும். "அவன் வந்தான்" என்பதற்கு முன்னால் ஐ டவுட் போட்டால், அவன் வந்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன் என்று அர்த்தம். ஐ சஸ்பெக்ற் போட்டால், அவன் வந்திருப்பான் என்று நினைக்கிறேன் என்று அர்த்தம். ஒரே தமிழ்ச் சொல்லுக்குச் சமன் போட்ட இரண்டும் நேர் எதிர்த் திசையில் போகின்றன! வகுப்பில் கையைத் தூக்கி "சேர், ஐ ஹாவ் எ டவுட்" என்பதும் இந்தச் சமன் குறியின் வேலைதான். நமக்குள் அது விளங்கும், குற்றமில்லை. வெளிநாட்டு விரிவுரையாளரிடம் சொன்னால், தான் சொன்னதை இந்தப் பிள்ளை நம்பவில்லையோ என்று அவர் யோசிப்பார். அங்கே தேவைப்படுவது குவெஸ்ச்சன்.

அர்த்தம் சரியாக இருந்தாலும் சொல்லின் நிறம் பிழைக்கலாம். கலியாணம் பேசுகிற இடத்தில் பிள்ளை மெல்லிய உடம்பு என்றால் ஒரு கதை, வத்தல் என்றால் சம்பந்தமே குழம்பும். ஸ்லிம், ஸ்லெண்டர் இரண்டும் முதலாவது கதை. ஸ்கின்னி பெரும்பாலும் இரண்டாவது. கோண்ட் என்றால் நோயிலோ பட்டினியிலோ முகம் ஒட்டிப்போன மெலிவு. நாலுக்கும் "மெலிந்த" என்று சமன் போட்டு வைத்திருந்தால் எதை எங்கே போடுவது என்று எப்படித் தெரியும்? யாழ்ப்பாணத்தில் மிஷனரிமார் தொடங்கிய அகராதி வேலை 1862இல் சென்னையில் வின்சுலோ அகராதியாக அச்சேறியது. அதில் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு நேரே பல ஆங்கிலச் சொற்கள் வரிசையாக நிற்கும். அந்த மனிசருக்கு ஒன்றுக்கு ஒன்று போதாது என்று அப்பவே தெரிந்திருக்கிறது.

சமன் குறி சரியாக வேலை செய்கிற இடமும் உண்டு. ஒளித்தொகுப்பு, சிறுநீரகம், உப்பு, முக்கோணம். பொருளும் கலைச்சொல்லும் ஒன்றுக்கு ஒன்று. தமிழ் மொழிமூலம் ஏஎல் (உயர்தரப் பரீட்சை) எடுத்து யாழ். பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்துக்கோ விஞ்ஞான பீடத்துக்கோ போய், அங்கே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிற பிள்ளைகள் பயப்படுவது இந்தக் கலைச்சொற்களுக்கு. உண்மையில் அவை சில மாதங்களில் பிடிபட்டுவிடும், ஏனென்றால் விசயம் ஏற்கெனவே தமிழில் தெரியும். காலை வாருவது இடையில் நிற்கிற சொற்கள்: அஸ்யூம், டெறைவ் (வண்டி ஓட்டுகிற டிறைவ் அல்ல), இம்ப்ளை, கொன்ஸ்ரிரியூற், வெயார்அஸ். இவை எந்தப் பாடத்துக்கும் சொந்தமில்லை, எல்லாப் பாடத்திலும் வரும். ஒருவரும் தனியே படிப்பிக்கிறதும் இல்லை. நியூசிலாந்தில் அவெரில் கொக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் இந்த இடைச் சொற்களைத் திரட்டி 570 சொற்குடும்பங்களாக (ஒரே அடிச்சொல்லில் இருந்து வருகிற சொற்கள் எல்லாம் ஒரு குடும்பம்) பட்டியலிட்டார். பல்கலைக்கழகப் பாட எழுத்தில் ஏறக்குறைய 10 வீதத்தை இந்த 570 மட்டும் பிடிக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்கு என் முதல் சிபாரிசு இதுதான். அடிப்படை இரண்டாயிரம் சொல்லே ஆட்டம் என்றால் இதில் கை வைக்க வேண்டாம், முதலில் அதை இறுக்குங்கோ.

இனி, மதிலில் ஒட்டுகிற "30 நாளில் 3000 சொல்" கணக்கு. நாளுக்கு 100. ஒரு சொல்லை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் என்று நாலு தடவையாவது திருப்பிப் பார்க்க வேண்டும் என்று வையுங்கோ. 1885இலேயே எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னைத்தானே சோதித்து, படித்தது முதல் மணித்தியாலங்களிலேயே கடகடவென்று கழன்றுபோகிறது என்று காட்டிவிட்டார். திருப்பாமல் தப்ப வழியில்லை. மூன்று கிழமை தாண்ட, நாளுக்குத் திருப்ப வேண்டிய சொல் 400. சொல்லுக்கு அரை நிமிடம் என்றாலும் மூன்று மணி இருபது நிமிடம், புதுச் சொல் படிக்கிற நேரம் வேறு. எந்தப் பிள்ளை செய்யும்? ஆகவே திருப்பாது, ஆகவே மறக்கும், ஆகவே அடுத்த வகுப்புக்கும் காசு கட்டும்.

என் கணக்கு நாளுக்கு மூன்று. கிழமை நாளில் மட்டும். சனி ஞாயிறு புதுச் சொல் இல்லை. கிழமைக்கு 15. திருப்புவதற்கு நாளுக்குப் பன்னிரண்டு சொல், ஆறு நிமிடம். அந்த 570 குடும்பமும் 38 கிழமையில் முடியும். வருடத்துக்கு 780. சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் இந்த 780உம் பேனை பிடித்தால் வருகிற சொற்கள்.

கொப்பி இப்படி. ஒரு சொல்லுக்குக் கால் பக்கம். முதல் வரியில் அந்தச் சொல்லைக் கண்ட வசனத்தை அப்படியே பார்த்து எழுதுங்கோ, நீங்களாக ஆக்க வேண்டாம். இரண்டாவது வரியில் அதனோடு சேர்ந்து வருகிற மூன்று சொற்கள். இதற்கு ஆங்கிலம்-ஆங்கிலம் மாணவர் அகராதி வேண்டும். ஒக்ஸ்போர்ட், லோங்மன் இரண்டுமே இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். லோங்மன் 1978இல் வெளிவந்தபோதே ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள் நின்று எல்லா விளக்கத்தையும் எழுதியது, ஆகவே விளக்கம் விளங்கவில்லை என்று சாட்டுச் சொல்ல இடமில்லை. மூன்றாவது வரியில் குடும்பம்: அனலைஸ், அனாலிஸிஸ், அனலிஸ்ற், அனலிற்றிக்கல். நாலாவது வரியில் உங்கள் சொந்த வசனம், உங்கள் ஊரைப் பற்றி. கிணற்று நீர் உவராவது, பஸ் பிந்துவது, வெங்காய விலை, எதுவும். தமிழ்ப் பொருளை வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தின் பின்புறத்தில், பென்சிலால், கடைசியாக எழுதுங்கோ. ஒன்றுக்கு மேல் எழுதுங்கோ. சமன் போட வேண்டாம்.

எந்தச் சொல்லைக் கொப்பியில் ஏற்றுவது? முதல் தரம் கண்டால் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும். வேறொரு இடத்தில் இரண்டாம் தரம் கண்டால்தான் கொப்பி. இரண்டாம் தரம் உங்கள் கண்ணில் படாத சொல் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாத சொல்.

திருப்புவது என்றால் கொப்பியை விரித்து வாசிப்பதல்ல. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரித்தான் இருக்கும், பரீட்சை மண்டபத்தில்தான் வெளுக்கும். சொல்லை மறைத்து, வசனத்தில் வெற்றிடம் விட்டு, அதை வாயாலும் பேனையாலும் வெளியே கொண்டுவர வேண்டும். பழைய கலியாண அழைப்பிதழின் வெறும் பக்கங்களை வெட்டி மட்டை செய்யலாம். முன்பக்கம் வெற்றிடம் விட்ட வசனம், பின்பக்கம் சொல். ஒரு சப்பாத்துப் பெட்டியை ஐந்து அறையாகப் பிரித்து, சரி வந்தால் அடுத்த அறை, பிழைத்தால் திரும்ப முதல் அறை. 1970களில் லைட்னர் என்ற ஜெர்மன்காரர் பிரபலமாக்கிய முறை. போனில் வேண்டுமென்றால் அங்கி என்ற செயலி அதையே செய்யும். கணினியிலும் அன்ரொயிட்டிலும் இலவசம், ஐபோனில் காசு. ஒரு எச்சரிக்கை: வேறு யாரோ செய்த ஐயாயிரம் மட்டைக் கட்டை இறக்காதீங்கோ. மட்டையைச் செய்வதில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது.

உச்சரிப்பு. இந்தப் பதிவு முழுக்க ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு இதைச் சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது, என்றாலும் கொப்பியில் இப்படி எழுதாதீங்கோ. தமிழெழுத்து அழுத்தத்தைக் காட்டாது. அனலைஸில் முதல் அசையில் விழுகிற அழுத்தம், அனாலிஸிஸில் இரண்டாவதுக்கும், அனலிற்றிக்கலில் மூன்றாவதுக்கும் தாவுகிறது. அழுத்தம் தப்பினால், சொல் தெரிந்தும் கேட்கிறவருக்கு விளங்காது. அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அமத்தி மூன்று தரம் கேட்டு, அழுத்த அசைக்குக் கீழே ஒரு கோடு இழுத்தால் போதும்.

வேர்ச்சொல்லும் முன்னொட்டும் படிப்பது நல்லது, ஆனால் பிந்தி. ஓராயிரம் சொல் கையில் வந்த பிறகு அது அவற்றைக் கட்டி வைக்கிற கயிறு. முதலே கயிற்றைக் கையில் கொடுத்தால் பிள்ளை தன்பாட்டுக்குக் கட்டும். "இன்" வந்தால் "இல்லை" என்று நம்பி, இன்வலுவபிள் என்றால் பெறுமதியற்றது என்று எழுதும். அதற்கு மதிப்பிடவே முடியாத பெறுமதி என்று பொருள். இன்ஃபிளேமபிள் என்று எழுதியிருக்கிற கொள்கலனுக்குப் பக்கத்தில் இதே நம்பிக்கையோடு நெருப்புக்குச்சி கிழித்தால் கதை முடிந்தது. அது தீப்பற்றும் என்றுதான் எழுதியிருக்கிறது.

வாசிப்புக்கு ஒரு அளவுகோல்: ஏறக்குறைய 300 சொல் உள்ள ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஆறுக்குள் இருந்தால் அது உங்கள் புத்தகம். பதினைந்து தாண்டினால் மூடி வையுங்கோ, அது வாசிப்பல்ல, அகராதி புரட்டல். போல் நேஷன் என்ற சொல்வள ஆய்வாளர் 2006இல் போட்ட கணக்கும் இந்த நூற்றுக்கு இரண்டு என்ற அளவில்தான் நிற்கிறது: 98 வீதம் விளங்கி வாசிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பம் வேண்டும். பொது நூலகத்தில் ஆங்கிலப் பத்திரிகை எடுத்தவுடன் ஆசிரியர் தலையங்கத்தில் பாயாமல், உள்பக்கச் செய்தியில் தொடங்குங்கோ.

வெளிநாடு போக ஐஈஎல்ரிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை எடுக்கிற பெடியளுக்கு ஒன்று. எழுத்திலும் பேச்சிலும் சொல்வளத்துக்கு நாலில் ஒரு பங்கு புள்ளி. அதற்காக எல்லாக் கட்டுரையிலும் பிளெதோறா. அது தேவைக்கு மிஞ்சிய அளவு என்ற வாடை உள்ள சொல். "கல்வியால் பிளெதோறா நன்மைகள்" என்றால், நன்மை கூடிப்போய்த் தலையிடி என்ற மாதிரித் தொனிக்கும். ஏழாம் பாண்ட், அதாவது ஏழாம் புள்ளித் தரத்துக்கான விவரணத்தில் சொற்கள் ஒன்றோடொன்று சேரும் விதம் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அபூர்வமான சொல்லைப் பிழையான இடத்தில் வைப்பதைவிட மெனி என்று எழுதிவிட்டுப் போகலாம்.

மாதத்துக்கு ஒருக்கால் சோதித்துப் பார்க்க ஒரு வழி. அந்த மாதச் சொற்களில் ஐந்தை வைத்து 150 சொல்லில் ஒரு பந்தி எழுதி, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, இதில் நான் புதிதாகப் படித்த சொற்கள் எவை என்று கேளுங்கோ. ஐந்தையும் டக்கென்று சுட்டிக் காட்டினால் ஐந்தும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் மட்டைகளை முதல் அறைக்கு அனுப்பி, கொப்பியில் அவற்றின் இரண்டாவது வரியைத் திரும்ப எழுதுங்கோ.